பாதியில் நின்ற எழுத்து

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு துறவு மடத்தில் மூன்று நாள் தங்கினேன். விடியலுக்கு முன்பே மணி, திருப்பாடல்கள், அமைதி. வீடு திரும்பியதும் செபத்துக்கென்று போனில் ஏழு அலாரம் வைத்தேன். ஒரு வாரம் ஓடியது. இப்போது அலாரம் அடித்தாலே எரிச்சல். இந்த மெயிலை முடித்துவிட்டு, குக்கரை இறக்கிவிட்டு என்று தள்ளித் தள்ளி, படுக்கும்போது பார்த்தால் ஒரு செபமும் சொல்லியிருக்க மாட்டேன். மதிய வேளைகளில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அந்த மடத்துக்கே போய்விடலாம் போலிருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் உள்ள வீட்டில் இதெல்லாம் நடக்குமா? இல்லை, நான் வேஷம் போடுகிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேஷம் போடுகிறவருக்கு எரிச்சல் வராது.

போகிறபோக்கில் மதிய வேளையைப் பற்றிச் சொன்னீர்களே, அது என்னைப் பிடித்துக்கொண்டது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதே நோயைக் குறித்துவைத்திருக்கிறார். காலை 10 மணிவாக்கில் தொடங்கி 2 மணி வரை துறவியைப் பிடித்தாட்டும் பேய் அது. பகல் ஐம்பது மணி நேரம் நீண்டுவிட்டது போலிருக்கும். துறவி ஜன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். (நாம் வாட்ஸாப்பைத் திறக்கிறோம்.) பிறகு பேய் காதில் ஓதும்: இந்த இடம் சரியில்லை, வேறெங்காவது போ, ஆண்டவரை எங்கிருந்தும் வணங்கலாமே! பேய்க்கு இறையியலும் தெரிந்திருக்கிறது பாருங்கள். உங்களை மடத்துக்கு இழுப்பதும், அங்கே இருந்தவரை வெளியே இழுத்ததும் ஒன்றுதான்.

அலாரத்துக்கு வருகிறேன். எகிப்தில் துறவிகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்த காசியன் ஒன்று எழுதுகிறார். செபத்துக்கு அழைத்துக் கதவு தட்டப்பட்டால், எழுதிக்கொண்டிருப்பவர் தொடங்கிய எழுத்தைக்கூட முடிப்பதில்லை. நம் கணக்கில், 'க' போட்டாயிற்று, புள்ளி வைக்கவில்லை, அப்படியே எழுந்துவிடுவார். எங்கள் பாட்டி காசியனைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் கோயிலில் மூவேளை செபத்துக்கு மணி அடித்தால் ஆட்டுக்கல்லில் குழவி பாதிச் சுற்றில் நிற்கும். மாவு ஒட்டிய விரல்களோடு சிலுவை போட்டுக்கொள்வார், உதடு அசையும், ஒரு நிமிடம்தான். பிறகு மீதிச் சுற்று.

செபத்தைத் தள்ளிப்போடுவதாக எழுதுகிறீர்கள். மெயிலை விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஏழில் ஐந்து அலாரத்தை எடுத்துவிடுங்கள். மீதி இரண்டும் அடிக்கும்போது மெயிலைப் பாதி வாக்கியத்தில் விடுங்கள். அந்தப் பாதி வாக்கியம் உள்ளே கிடந்து குடையும். குடையட்டும். செபம் வராவிட்டாலும் ஒரு நிமிடம் கை சும்மா இருந்தால் போதும்.

குக்கரை மட்டும் இறக்கிவிட்டே வாருங்கள். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடத்து வாழ்வுக்கு எழுதிய ஒழுங்கில், அதாவது விதிநூலில், 73 அதிகாரங்கள். தொலைவில் வேலை செய்கிறவர் ஆலயத்துக்கு ஓடிவர வேண்டாம், இருக்குமிடத்திலேயே மண்டியிட்டால் போதும் என்கிறது 50ஆம் அதிகாரம். நோயாளியைப் பேணுவது எல்லாவற்றுக்கும் முன்னால் என்கிறது 36ஆம் அதிகாரம். மாமியாரின் மாத்திரை நேரமும் அலாரமும் மோதினால் யோசிக்கவே வேண்டாம்.

மடத்துப் பாத்திரங்களைப் பீடத்துப் பாத்திரங்களாகக் கருத வேண்டும் என்றும் அதில் ஓரிடம் உண்டு. அதை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுவதே செபம் என்று ஆண்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கழுவுகிறவர்கள் அப்படி எழுதி நான் அதிகம் படித்ததில்லை. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒன்று கேட்க மறந்தேன். உங்கள் மாமியார் மூவேளை செபம் சொல்கிறவரா? அவரிடம் அலாரமே இருக்காது. எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.