கேள்வி பதில்: வளைவில் இடிக்கும் பெடல்

கேள்வி: பழைய ரேஸ் சைக்கிளை ஃபிக்ஸட் கியராக (பெடல் தனியே நிற்காமல் பின்சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும் வகை) மாற்றியிருக்கிறேன். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 170 மி.மீ. வளைவில் சாய்ந்தால் பெடல் தரையில் இடிக்கிறது. 165 போட்டால் ஏற்றத்தில் திணறுமா?
- வாசகர், தக்கலை

பதில்: தயங்காமல் 165 போடுங்கள். பெடலை நிறுத்தினாலும் ஓடும் சாதாரண ஃபிரீவீல் வண்டியில் வளைவு வந்தால் உள்பக்கப் பெடலை மேலே நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் வண்டியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். போதாததற்கு, ரோடு ஃபிரேமில் கிராங்க் அச்சு பந்தயத் தடத்துக்கான டிராக் ஃபிரேமைவிடத் தாழ்வாக இருக்கும். அகலமான பெடல் என்றால் அதையும் மாற்றுங்கள். பல நேரம் பாதிக் குற்றவாளி அதுதான்.

ஏற்றத்தில் நெம்புவிசை சுமார் 3 சதவீதம் குறையும். பின் பல்சக்கரத்தை 17 பல்லிலிருந்து 18 ஆக்கினால் அதற்கு மேலேயே ஈடாகிவிடும். செயின் தொய்வை மட்டும் மறுபடி சரிபாருங்கள். குலசேகரம் பக்கத்து இறக்கங்களில் கால் பறக்கும், அங்கே குட்டைக் கிராங்க்தான் சௌகரியம். முன்பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள்!

கிராங்க் குட்டையாவதால் சீட்டை 5 மி.மீ. உயர்த்த வேண்டும். சதுர அச்சுக் கிராங்க் என்றால் புல்லர் (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுங்கள், சுத்தியல் வேண்டாம். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. கிராங்கின் நீளம் பெரும்பாலும் அதன் உட்பக்கம் பொறித்திருக்கும். இல்லையென்றால் அச்சு மையத்திலிருந்து பெடல் துளையின் மையம்வரை அளக்கவும்.