மேடைப் பரிசு வேண்டாம், மே மாதத்தில் கைமாற்று கொடுங்கள்

கேள்வி: எங்கள் கிராமத்து முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் முதல் மூன்று இடம் பிடிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சுதந்திர தினத்தன்று பரிசு கொடுக்க ஏற்பாடு. சரியான திட்டம்தானே?
– ஒரு வாசகர், நீடாமங்கலம் வட்டம்

பதில்: நோக்கம் நல்லது. திட்டம் சரியில்லை.

நீங்கள் ஆகஸ்ட் 15-இல் கொடுக்கப்போகிறீர்கள். காசில்லாமல் படிப்பை விடுகிற பிள்ளை ஜூனிலேயே திருப்பூருக்கு பஸ் ஏறியிருக்கும். முதலிடம் பிடித்தவருக்கு உதவ நாலு பேர் வருவார்கள். 600-க்கு 370 எடுத்து, அரசுக் கலைக் கல்லூரியில் இடமும் கிடைத்து, சேர்க்கைக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் நாலாயிரம் புரட்ட முடியாமல் நின்றுபோகும் பிள்ளையைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

டெல்டாவில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. தாளடி அறுப்பு முடிந்து, உளுந்து, பயறு பறிப்பும் பங்குனியோடு ஓய்ந்துவிட்டால், சித்திரையிலும் வைகாசியிலும் கூலிக்காரர் வீட்டில் காசு புழங்காது. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் தண்ணீர் வயலுக்கு வந்து குறுவை நடவு தொடங்க நாளாகும். அந்த வேலையிலும் நடவு இயந்திரம் பங்கு கேட்கிறது. பிளஸ் டூ முடிவும் கல்லூரிச் சேர்க்கையும் சரியாக இந்த மாதங்களில்தான் வருகின்றன. அம்மாவின் தோடு அடகுக்குப் போகும், அல்லது குழுக் கடன்.

அரசுப் பணம் இல்லையா? இருக்கிறது. கல்லூரி மாணவிகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இந்த இரண்டு திட்டங்களிலும் மாதம் 1,000 ரூபாய். ஆனால் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, விவரம் பதிவாகி, சரிபார்த்த பிறகுதான் முதல் தவணை. சேர்ந்தபின் வரும் பணம் சேருவதற்கு உதவாது.

ஆகவே 40,000 ரூபாயைச் சுழல்நிதியாக வையுங்கள். ஆளுக்கு 4,000, பத்துப் பேருக்கு, வட்டியில்லாமல். கட்டணத்தைக் கல்லூரிக்கு நேரடியாகக் கட்டி, மீதியைக் கையில் கொடுங்கள். தை அறுவடைக்குப் பிறகு மூன்று தவணையில் திரும்ப வரட்டும். சம்பா மழையில் மூழ்கினால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். அந்த மாதாந்திர ஆயிரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். அது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்.

பணத்தைவிட உங்கள் உழைப்பு அதிகம் தேவைப்படுவது காகித வேலையில். உதவித்தொகை 'வரவில்லை' என்று சொல்லும் வீடுகளில் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது வேறு, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. இரண்டாவது நடந்தால்தான் பணம் வரும். அதுவும் கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கிவிடும். 15 வயதில் ஆதாருக்குக் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி எல்லாம் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒன்றாக இருக்கவேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும்முன் திருத்தினால் எளிது, மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் அலைச்சல். சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வையுங்கள். ஜூனில் அங்கே கூட்டம் தாங்காது.

தேர்வு முடிந்த கையோடு ஊருக்குள் வரும் கல்லூரிப் புரோக்கர்களைப் பற்றிக் கட்டாயம் எச்சரியுங்கள். அசல் சான்றிதழை வாங்கிக்கொண்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால், பொறியியலில் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை போயிற்று. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் போயிற்று. இரண்டும் கலந்தாய்வு வழியாக எடுத்த இடத்துக்கே. 7.5-இல் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகப் படிப்புகளிலும் இந்த ஒதுக்கீடு உண்டு என்பது நம் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்பது பொது விதி. ஏழாம் வகுப்பில் ஓராண்டு பிள்ளையை ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிற பெற்றோரிடம் இதை யாராவது அப்போதே சொல்லவேண்டும். தஞ்சை, கும்பகோணத்தில் நிறைய இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 7.5 கிடையாது, ஆனால் அங்கே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாத ஆயிரம் உண்டு.

மீதி 20,000 எட்டாம் வகுப்புக்கு. மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். 90 கேள்விகள் கொண்ட மனத்திறன் தாள்தான் பிள்ளைகளைத் தடுக்கிறது, ஏனென்றால் அது பாடப்புத்தகத்தில் இல்லை. பயிற்சிப் புத்தகமும் வாரம் மூன்று மாலை சொல்லித்தர ஒரு பட்டதாரியும் போதும். தேர்வானபின் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்காமல் இழப்பவர்களும் உண்டு. ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள்.

இன்னொன்று. இந்த நிதியை நடத்தும் குழுவில் காலனித் தெருப் பெண்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். ஊர்த்தெருக் கோயில் வாசலில் மட்டும் அறிவித்தால் விண்ணப்பம் அங்கிருந்து மட்டும்தான் வரும். கைமாற்று வாங்கியவர் பெயரை விழா மேடையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். போட்டால் அடுத்த மே மாதம் யாரும் கேட்டு வரமாட்டார்கள்.