ஸ்லோ குக்கர் ராஜ்மாவும் வாந்தியும்

ஊறவைத்த ராஜ்மாவை நேரடியாக ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்தில்) போடாதீர்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் கொதிக்க வைத்த பிறகே அதற்கு மாற்றுங்கள்.

ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் ‘லோ’வில் (குறைந்த சூட்டில்) வைத்தும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்னும் புரதமே பெரும்பாலும் காரணம்: நன்கு கொதிக்கும் நீரில் செயலிழக்கும் அது, 80 டிகிரிக்குக் கீழான மெல்லிய சூட்டில் பல மணி நேரம் கிடந்தாலும் முழுமையாக அழிவதில்லை. விரலால் நசுக்கினால் மசிகிறது என்பதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள்.

வெறும் தண்ணீரை ‘லோ’வில் ஆறு மணி நேரம் வைத்து, சமையல் வெப்பமானியால் அளந்து பாருங்கள், உங்கள் குக்கர் எவ்வளவு சூடாகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது என்பதால் இந்தக் கவலை இல்லை. வாந்தி இன்னும் நிற்கவில்லை என்றால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.