மட்டை தூளாக்கும் மெஷினில் ஒரு பக்க பேரிங் மட்டும் ஏன் போகிறது?

கேள்வி: டிராக்டர் பிடிஓ-வில் (டிராக்டரின் சக்தியை வெளி மெஷினுக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) ஓடும் தென்னை மட்டை தூளாக்கும் மெஷின் வைத்திருக்கிறேன். வெளியே வழியும்வரை தினமும் கிரீஸ் அடிக்கிறேன். அப்படியும் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) இருக்கும் பக்க பேரிங் கொதிக்கிறது. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. கிரீஸ் போதவில்லையா?
- தென்னை விவசாயி, பேராவூரணி

பதில்: கிரீஸ் குறைச்சல் இல்லை, கூடுதல். உள்ளே முழுக்க அடைத்துவிட்டால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே ஓட வேண்டும். அதிலேயே சூடு ஏறும். பேரிங் ஓரத்தை மூடியிருக்கும் சீலும் பிதுங்கும், அந்த வழியாகத் தூள் உள்ளே போகும்.

ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிரீஸ் அடிக்கிறீர்கள், புல்லிப் பக்கம் மட்டும்தானே போகிறது? எனக்குப் பெல்ட் மேல்தான் சந்தேகம். நழுவுகிறது என்று இறுக்கிக்கொண்டே போனால், அந்த இழுப்பு முழுவதையும் அந்த ஒரு பேரிங்தான் தாங்கும்.

டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்து, பிடிஓ ஷாஃப்டைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். பெல்ட்டையும் கழற்றிவிட்டு ரோட்டரைக் (பிளேடுகள் பூட்டிய சுழலும் பாகம்) கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ விட்டு விட்டுப் பிடித்தாலோ பேரிங் முடிந்தது. ஷாஃப்டுக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மெல்ல நெம்புங்கள். ஆட்டம் தெரிந்தாலும் அதே கதைதான்.

பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. பேரிங்கின் உள்வளையத்தை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் இரண்டு சிறு அலன் ஸ்குரூக்கள். அவை தளர்ந்தால் உள்வளையம் ஷாஃப்டின் மேலேயே வழுக்கிச் சுற்றும். கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் பழுப்பாகவோ நீலம் பாரித்தோ வளையத் தடம் இருக்கும், நகத்தால் தடவினால் பள்ளம் தட்டும். அப்படி இருந்தால் புது பேரிங் போடுவது வீண். லேத் பட்டறையில் ஷாஃப்டைச் சரிசெய்த பிறகு போடுங்கள்.

பெல்ட் திரும்ப மாட்டும்போது, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் ஒன்றரை செ.மீ. இறங்க வேண்டும். இரண்டு புல்லியும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பெல்ட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், இறுக்கிச் சமாளிக்க வேண்டாம்.

மெஷின் அதிர்கிறதென்றால் பிளேடைப் பாருங்கள். பெல்ட் இல்லாமல் சுற்றிவிட்டால் ரோட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நிற்கிறதா? அந்தப் பக்கம் கனம். தேய்ந்த பிளேடை ஒற்றையாக மாற்றாமல், எதிரெதிர் ஜோடியாக, தராசில் எடை பார்த்துப் போடுங்கள்.

கிரீஸ் லித்தியம் வகை, இரண்டாம் நம்பர் போதும். கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்துவிட்டு, ரோட்டரைக் கையால் சுற்றிக்கொண்டே கிரீஸ் கன்னில் இரண்டு மூன்று அழுத்து. சீல் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். அடித்த கொஞ்ச நேரம் சூடு கூடுவது சகஜம். ஷாஃப்டில் சுற்றும் ஓலை நாரை அன்றன்றே அறுத்து எடுங்கள். பேரிங் மேல் பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையே கொண்டுபோங்கள். அதில் யுசி 210 என்று இருந்தால் உட்துளை 50 மி.மீ.; வெளிக் கூடு நன்றாக இருந்தால் உள் பேரிங் மட்டும் வாங்கினால் போதும்.