டெக்சாஸில் எட்டாம் வகுப்பு எண்டார்ஸ்மென்ட்: எதைப் பார்க்க வேண்டும்?

வணக்கம். எட்டாம் வகுப்பு மகளுக்கு எண்டார்ஸ்மென்ட் (உயர்நிலைப் பள்ளியில் எந்தத் துறைப் பாடங்களில் கவனம் செலுத்துவது என்ற பிரிவு) படிவம் வந்திருக்கிறது, நர்ஸ் ஆக ஆசை என்கிறாள், 13 வயதில் வாழ்க்கையையே முடிவு செய்யச் சொல்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். 2013-இல் வந்த சட்டப்படி மொத்தம் ஐந்து பிரிவுகள். பிற்பாடு மனம் மாறினால் பிரிவையும் மாற்றிக்கொள்ளலாம். மருத்துவம் சார்ந்த பாடங்கள் 'பப்ளிக் சர்வீஸ்' பிரிவில் வரும்.

பிரிவின் பெயரைவிட நான்கு ஆண்டுத் திட்டத் தாளை வரி வரியாகப் பாருங்கள். அதில் அல்ஜீப்ரா 2 இருக்கிறதா? எல்லாப் பிரிவுக்கும் அது கட்டாயமில்லை. அதனால் சத்தமில்லாமல் விட்டுப்போகும். ஆனால் அது இல்லாமல் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது தரும் 'டிஸ்டிங்விஷ்ட்' என்ற மேல் நிலை கிடைக்காது. வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்க அந்த நிலைதான் நேர்வழி. (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வரம்பு இன்னும் கடுமை.) கெமிஸ்ட்ரியையும் விடாதீர்கள், நர்ஸிங்குக்கு வேண்டும்.

அப்புறம் டூயல் கிரெடிட், அதாவது பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படித்து இரண்டுக்கும் கணக்கில் சேர்ப்பது. பணம் மிச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதில் வாங்கும் மதிப்பெண் கல்லூரிப் பதிவிலேயே நிரந்தரமாக நிற்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே அள்ளிப் போட வேண்டாம் என்பது என் கருத்து. வெளிமாநிலக் கல்லூரிகள் அந்தக் கிரெடிட்டை ஏற்கும் என்ற உறுதியும் இல்லை.

படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கவுன்சலரிடம் நேரம் கேளுங்கள், மகளையும் கூட்டிப் போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.