ஞானஸ்நானம் பெறுவதற்கு முன் இறந்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டிருக்குமா?

உங்கள் தாயார் இயேசுவை விசுவாசித்து, ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்தபின், அந்த நாள் வருமுன்னே காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரில் மூழ்கி எழும் நேரத்தில்தான் பாவம் மன்னிக்கப்படும் என்று உறவினர் ஒருவர் அப்போஸ்தலர் 2:38-ஐக் காட்டிச் சொன்னதால், அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டனவா என்று கேட்கிறீர்கள். நீங்களும் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

மன்னிக்கப்பட்டன என்றே நான் நம்புகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவன். திடப்படுத்தல் வகுப்பில் இளையோருக்குக் கற்பித்தும் வருகிறேன். உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக ஞானஸ்நானத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வேதமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, மனந்திரும்பிப் பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. தமஸ்குவில் அனனியா, பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைப் பார்த்து, தாமதிக்காமல் எழுந்து ஞானஸ்நானம் பெற்று உன் பாவங்கள் போகக் கழுவப்படு என்று சொன்னதாகப் பவுலே அப்போஸ்தலர் 22-ஆம் அதிகாரத்தில் சாட்சி கூறுகிறார். 381-ஆம் ஆண்டுக் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணமும் பாவமன்னிப்புக்கான ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறது. ஆகவே உங்கள் உறவினர் காட்டிய வசனம் சரியான வசனமே. ஆனால் அந்த வசனத்தைப் பேசிய பேதுருவின் மற்றச் சொற்களையும் அவர் சேர்த்து வாசித்திருக்க வேண்டும்.

சாலொமோன் மண்டபத்தில் கூடிய ஜனங்களிடம் பேதுரு, பாவங்கள் நிவிர்த்தி செய்யப்படும்பொருட்டு மனந்திரும்பிக் குணப்படுங்கள் என்கிறார். அங்கே தண்ணீரைப் பற்றிய பேச்சே இல்லை. செசரியாவில் நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீட்டில், இயேசுவை விசுவாசிக்கிற எவனும் அவருடைய நாமத்தினாலே பாவமன்னிப்பைப் பெறுவான் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பிரசங்கம் முடிவதற்கும் முன்பாக, கேட்டவர்கள் எல்லார்மேலும் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். அப்போது அவர்களில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. பிற்பாடு எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடியபோது, அந்த வீட்டில் நடந்ததற்குப் பேதுரு கொடுத்த விளக்கம், தேவன் விசுவாசத்தினாலே அவர்கள் இருதயங்களைச் சுத்தமாக்கினார் என்பது. 2:38-ஐச் சொன்ன அதே வாய் அப்போஸ்தலர் 15:9-ஐயும் சொல்லியிருக்கிறது. தம் முதலாம் நிருபத்தில் ஞானஸ்நானம் இரட்சிக்கிறது என்று எழுதும்போதும், அது மாம்ச அழுக்கை நீக்குவதாயிராமல் தேவனைப் பற்றும் நல்மனச்சாட்சியின் உடன்படிக்கையாயிருக்கிறது என்று உடனே தெளிவுபடுத்துகிறார்.

இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, ஞானஸ்நானம் இல்லாமலே மனந்திரும்பி இறந்த கள்ளனைப் பலர் முதல் சான்றாகக் காட்டுவார்கள். நான் அவனை இந்த வாதத்தில் முன்னிறுத்துவதில்லை. ஞானஸ்நானக் கட்டளை உயிர்த்தெழுதலுக்குப் பின் கொடுக்கப்பட்டது என்று எதிர்த்தரப்பார் சொல்லும் மறுப்பில் நியாயம் இருக்கிறது. கொர்நேலியுவைக் குறித்து அப்படிச் சொல்ல வழியில்லை. மறுபக்கத்தில், சமாரியாவில் ஞானஸ்நானம் பெற்ற மாயவித்தைக்காரன் சீமோனிடம், உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயிருக்கவில்லை என்று இதே பேதுருதான் சொல்கிறார். தண்ணீர் தன்னளவில் மன்னிப்பைக் கொடுத்துவிடும் என்றால் அந்தக் கடிந்துகொள்ளுதலுக்கு அவசியமே இருந்திருக்காது.

நீங்கள் கேட்ட இதே கேள்வி 392-ஆம் ஆண்டில் மிலான் நகரத்துப் பேராலயத்தில் எழுந்தது. மேற்கு ரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன் இருபது வயதைக் கடந்த இளைஞன். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகி, அதைக் கொடுக்க வரும்படி மிலான் பேராயர் அம்புரோசுக்கு ஆள் அனுப்பியிருந்தான். அம்புரோசு புறப்பட்டுச் செல்லும் வழியிலேயே, அரசன் இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகரில் இறந்துகிடந்த செய்தி வந்து சேர்ந்தது. உடல் மிலானுக்குக் கொண்டுவரப்பட்டது. சகோதரன் ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டானே என்று அவனுடைய சகோதரிகள் துடித்தார்கள். அடக்க வேளையில் அவர்களைப் பார்த்து அம்புரோசு கேட்டதன் பொருள் இதுதான்: அவன் அதை விரும்பினான், அதைக் கேட்டான், விரும்புவதையும் கேட்பதையும் தவிர நம் கையில் வேறு என்ன இருக்கிறது? கேட்டபடியால் பெற்றுக்கொண்டான். மறைசாட்சிகள் தங்கள் இரத்தத்தினாலேயே கழுவப்படுகிறார்கள் என்றால், இவனை இவனுடைய பக்தியும் வாஞ்சையும் கழுவின என்றும் அவர் சொன்னார். இதைச் சொன்னவர் ஞானஸ்நானத்தை இலேசாக எண்ணியவர் அல்லர்; 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பெருநாளில் அகுஸ்தீனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவரே.

திருச்சபைகள் இதில் ஒரே மாதிரிப் போதிப்பதில்லை. ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியமில்லை என்போரை 1547-இல் கண்டித்த கத்தோலிக்கரின் திரிதெந்து சங்கம், அதே ஆண்டில், ஞானஸ்நானத்தையோ அதன்மேலுள்ள வாஞ்சையையோ குறிப்பிட்டே பேசியது. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும், திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களை அடக்கச் சடங்கு விஷயத்தில் விசுவாசிகளாகவே எண்ணச் சொல்கிறது. லூத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை ஞானஸ்நானம் அவசியம் என்கிறது. 1640-களில் உருவான, பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, அதை அசட்டை செய்வது பெரும்பாவம் என்று சொன்னாலும், அதைப் பெறாத ஒருவரும் இரட்சிக்கப்பட முடியாது என்று கட்டிவைக்க மறுக்கிறது. பாப்திஸ்துகளும் பெந்தெகொஸ்தேயினரில் பெரும்பாலோரும் அதை ஏற்கெனவே மன்னிக்கப்பட்டவர் செய்யும் கீழ்ப்படிதலாகக் கொள்கிறார்கள். உங்கள் உறவினர் சொன்னது, கிறிஸ்துவின் சபை என்று அழைக்கப்படும் சபைகளில் அழுத்தமாகக் கற்பிக்கப்படுவது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வேரூன்றிய இரட்சணிய சேனையாரோ தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை.

நம் ஊரில் ஞானஸ்நானம் தள்ளிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அசட்டையாக இருப்பதில்லை. கணவரும் மாமியாரும் அறியாமல் ஜெபிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்பதால், பிள்ளைகளின் படிப்பை எண்ணித் தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இவர்களுடைய அச்சத்தை அவிசுவாசம் என்று தீர்த்துவிட எனக்குத் துணிவில்லை.

ஒருமுறை மருத்துவமனை வார்டில் ஒரு பெரியவருக்கு எங்கள் ஆயர் ஞானஸ்நானம் கொடுத்ததை அருகில் நின்று பார்த்தேன். மூக்கில் குழாய் இருந்ததால் தலையைச் சாய்க்க முடியவில்லை. எவர்சில்வர் டம்ளரிலிருந்து ஆயர் கையில் நீரை அள்ளி மூன்று முறை நெற்றியில் வார்த்தார். வழிந்த நீரை மகள் துண்டால் ஒற்றினாள். அவர் "ஆமென்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்த டம்ளர் வந்து சேருமுன் அவர் உயிர் பிரிந்திருந்தால் தேவன் அவரைத் தள்ளியிருப்பார் என்று சொல்ல வேதத்தில் எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீர் வீண் என்று சொல்லவும் கிடைக்கவில்லை. மன்னிப்பு உனக்குத்தான் என்று அவருடைய பெயரைச் சொல்லி அவர் மேனியிலேயே தேவன் முத்திரையிட்டதை அன்று கண்டேன்.

உங்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. தாயாருக்கு ஞானஸ்நானம் இல்லாமலே மன்னிப்பு கிடைத்தது என்றால் எனக்கும் அது எதற்கு என்ற எண்ணம் எழலாம். கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு அப்படி யோசிக்கவில்லை. இவர்கள் பரிசுத்த ஆவியைப் பெற்றுவிட்டபடியால், ஞானஸ்நானம் பெறாதபடிக்கு யாராவது தண்ணீரை விலக்கலாமா என்று கேட்டு, அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கட்டளையிட்டார். உங்கள் தாயாருக்கு நாள் குறித்துக் கொடுத்த ஆயரிடமே போய், உங்களுக்கும் ஒரு நாள் குறித்துத் தரும்படி கேளுங்கள்.