மலைக் குடிநீர்: ஊற்றிலிருந்து குவளை வரை

நீலகிரி மாவட்டக் குடிநீரின் தரம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே ஐயத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

எங்கள் தெருவுக்குப் பல நாட்களுக்கு ஒருமுறைதான் குடிநீர் வருகிறது. குழாயைத் திறந்ததும் முதல் கால் மணி நேரம் செம்மண் நிறத்தில், சாக்கடை வாடையோடு வந்து பிறகு தெளிந்துவிடுகிறது. அண்மையில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. தண்ணீரில் குளோரின் வாசம் அடிப்பதால் பயமில்லை என்கிறார்கள். என் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். நாங்கள் என்ன செய்வது?
— வாசகி, குன்னூர்

கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் எழுதியிருப்பதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மருமகளுக்கு இன்று முதல் கொதிக்கவைத்து ஆறிய நீரைத் தவிர வேறு எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். பல் துலக்கவும், பச்சையாக உண்ணும் பழங்களையும் காய்களையும் கழுவவும் அதே நீரைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் வழியே பரவும் மஞ்சள் காமாலைக்குக் காரணம் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்னும் இரண்டு வைரஸ்கள். இவற்றில் இ வகை, கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கு, உயிராபத்தை உண்டாக்கக் கூடியது. பசியின்மை, குமட்டல், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் நாட்டு மருந்து தேடி நாள் கடத்தாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி, காரணத்துக்கு வருகிறேன். குன்னூருக்கு நீர் தரும் ரேலியா அணை, உதகைக்கு நீர் தரும் பார்சன்ஸ்வேலி, கோத்தகிரிக்கு நீர் தரும் ஈளாடா தடுப்பணை ஆகியவை சமவெளியின் ஆறுகளோடு ஒப்பிடும்போது நல்ல ஆதாரங்கள்தான். நம் ஊர்களில் தண்ணீர் பெரும்பாலும் வழியில்தான் கெடுகிறது. வால்வை மூடியதும் மேட்டுத் தெருக் குழாயில் நிற்கும் நீர் சரிவில் இறங்கிக் கீழ்த் தெரு வீடுகளில் வெளியேறிவிடுகிறது. காலியாகும் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறைகிறது. அப்போது விரிசல்கள், தளர்ந்த இணைப்புகள் வழியாகச் சுற்றிலும் உள்ள ஈரம் உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த ஈரம் கழிவுநீராக இருந்தால், அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது முதலில் உங்கள் குடத்துக்கு வருவதும் அதுதான். குழாயோடு நேரடியாக மோட்டாரை இணைத்து உறிஞ்சுகிறவர்கள் இந்த ஆபத்தைத் தங்களுக்கும் தெருவுக்கும் இன்னும் கூட்டுகிறார்கள். படிக்கட்டுத் தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய்களைக் கழிவுநீர்க் கால்வாயின் ஓரமாகவும், சில இடங்களில் அதற்குள்ளேயும் இழுத்துச் செல்லும் வழக்கம் இன்னும் தொடர்வது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. இதைத் தடுக்கப் புதிய அணை எதுவும் வேண்டியதில்லை, குழாயை இரண்டு அடி உயர்த்திச் சுவரோரமாகக் கொண்டுபோனாலே போதும்.

குளோரின் வாசத்தை நம்பலாமா என்ற கேள்விக்கு 1955-56இல் தில்லியில் நடந்தது தெளிவான விடை தருகிறது. யமுனையில் வெள்ளம் வந்து ஆற்றின் போக்கு மாறியபோது, நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர் நகரத்துக்கு நீர் எடுக்கும் வசீராபாத் நிலையத்தை எட்டிவிட்டது. நீர்நிலையத்தார் குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பெருகவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் இ வைரஸால் வந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பின் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைக் கொண்டு உறுதியானது. பாக்டீரியாவைக் கொல்லும் அளவு குளோரின், கழிவு கலந்த கலங்கல் நீரில் உள்ள வைரஸைக் கொல்லப் போதாது. மேலும், கழிவுநீரின் அம்மோனியாவோடு குளோரின் சேரும்போதும் கூர்மையான வாசம் எழும்; ஆகவே வாசம் மட்டும் எதற்கும் சான்றாகாது. அளந்து பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தின்படி தனிக் குளோரின் (வேறெதோடும் சேராமல் நீரில் மிஞ்சி நிற்கும் குளோரின்) லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும், வைரஸ் நோய் அச்சம் உள்ள இடத்தில் 0.5 மி.கி. வேண்டும். நீரேற்று நிலையத்தில் அளந்த கணக்கு உங்களுக்கு உதவாது. உங்கள் தெருவின் கடைசிக் குழாயில், தண்ணீர் வந்த சில நிமிடங்களில் அளக்கச் சொல்லி, மூன்று நோயாளிகளின் விவரத்தோடு, தெருவாசிகள் சேர்ந்து நகராட்சி ஆணையருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். இந்த வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளிப்பட இரண்டு வாரம் முதல் ஏழெட்டு வாரம் வரை ஆகும் என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள். இன்று எடுக்கும் மாதிரி நன்றாக வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடாமல் குழாய்ப் பாதையைத் தோண்டிப் பார்க்க அது காரணமாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை: நிறமும் வாடையும் முற்றிலும் நீங்கும் வரை வரும் நீரைச் சம்ப்புக்குள் விடவே கூடாது. பற்றாக்குறையில் அதைக் கொட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் தனி டிரம்மில் பிடித்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில், ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரம் கட்டாயம் விட வேண்டும். நம் மார்கழிக் குளிரில் குளோரின் மெதுவாகவே வேலை செய்வதால் ஒரு மணி நேரம் விடுவது நல்லது. திறந்து கிடந்த பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதை வாங்காதீர்கள். இதைச் செய்தாலும் குடிக்கும் நீரைக் கொதிக்கவைப்பதை நிறுத்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்த விற்பனையாளர் இரண்டு குவளைகளில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் குழாய்நீர் பழுப்பாகிக் கசடு கட்டியது, அவருடைய ஆர்.ஓ. நீர் தெளிவாக இருந்தது. டி.டி.எஸ். கருவியிலும் எண் காட்டினார். வாங்கலாமா?
— வாசகர், உதகமண்டலம்

வேண்டாம். பழுப்பு நிறம் அவர் இறக்கிய இரும்புக் கம்பி கரைந்து வந்தது. நீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும், நுண்சவ்வு வழியே அழுத்தி வடித்த ஆர்.ஓ. நீரில் உப்பு அநேகமாக இல்லாததால் எதுவும் நடக்கவில்லை. அவருடைய நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

டி.டி.எஸ். என்பது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு மட்டுமே. லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது நமது தரம். சோலையும் புல்வெளியும் வடித்துத் தரும் மலைநீரில் உப்பு அதை விட மிகக் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து எலும்பையும் பல்லையும் கெடுக்கிறது, அங்கே ஆர்.ஓ. முறைக்கு வேலை உண்டு. இங்கே அது ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரைச் சாக்கடைக்கு அனுப்புவதோடு, ஏற்கெனவே குறைவாக உள்ள கால்சியத்தையும் எடுத்துவிடும். டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் இக்கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னதும் இந்த வீண் செலவை எண்ணித்தான். நம் கவலை கிருமியைப் பற்றியது, அந்தக் கருவியின் எண்ணில் கிருமி தெரியாது. கருவி வாங்கியே ஆக வேண்டும் என்றால் புற ஊதா விளக்கு உள்ள வடிகட்டி போதும். ஆனால் கலங்கல் நீரிலும் மின்வெட்டிலும் அது பயன்படாது.

எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) மேலே உள்ள ஊற்றுநீரைத்தான் பாட்டன் காலத்திலிருந்து குடிக்கிறோம். அதில் மருந்து போட வேண்டும் என்று ஊராட்சியில் சொல்வது சரியா?
— வாசகர், கோத்தகிரி வட்டம்

உங்கள் பாட்டன் காலத்தில் அந்த ஊற்றுக்கு மேலே என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்பதை ஒருமுறை நடந்து பார்த்து வாருங்கள். சோலை இருந்த இடத்தில் தேயிலையோ, உருளைக்கிழங்கு, கேரட் தோட்டமோ இருக்கலாம். வீடுகளும் விடுதிகளும் எழுந்து, அவற்றின் செப்டிக் டேங்குகள் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். கழிவுக்குழிக்கும் நீராதாரத்துக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சமதளத்துக்கான கணக்கு. குழி மேட்டிலும் ஊற்று பள்ளத்திலும் இருந்தால் அந்தத் தூரம் போதாது. பெருமழை பெய்த சில மணி நேரத்தில் ஊற்று கலங்கினால், மேல்மண்ணின் அழுக்கு வடிகட்டப்படாமல் நேராக வருகிறது என்று பொருள். அப்படியானால் குளோரின் கட்டாயம் வேண்டும்.

தோட்ட உரம் வேறொரு வகையான தீங்கு. யூரியாவும் கோழியெருவும் மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரோடு இறங்குகின்றன. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. அளவைத் தாண்டக் கூடாது. தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். குளோரினாலும் அது நீங்காது. எனவே ஊற்றைச் சுற்றி வேலி கட்டுவது, மேற்புறம் மழைநீரைத் திருப்பும் வாய்க்கால் வெட்டுவது, மருந்தடிக்கும் தெளிப்பானை அருகில் கழுவ விடாதிருப்பது ஆகியவற்றை ஊர்க் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்யும் என்பதால், ஐப்பசிக்கு முன்பு ஒருமுறையும் மழை நடுவே ஒருமுறையும் நீரைச் சோதிக்க வேண்டும்.

உயரமான ஊரில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுமாமே? அப்படியானால் கிருமிகள் சாகுமா?
— பள்ளி மாணவி, உதகமண்டலம்

சாகும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். ஆனால் குடல் நோய்க் கிருமிகள் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே அழிந்துவிடும். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறிய நீரை அதே பாத்திரத்தில் மூடி வைத்து, கை படாமல் எடுப்பது முக்கியம்.

பழைய வீடொன்றில் குடியிருக்கிறோம். காலைத் தண்ணீரில் உலோகச் சுவை. கழுவு தொட்டியில் நீலப்பச்சைக் கறை. குளிருக்காகச் சமையலுக்குக் கீசர் வெந்நீரையே பிடிக்கிறோம். தவறா?
— வாசகி, வெலிங்டன்

தவறுதான், இன்றே நிறுத்திவிடுங்கள். மலைநீர் மென்மையானது, சற்றே அமிலப் பாங்கும் உண்டு. அது குழாயின் உலோகத்தை மெல்ல அரிக்கும். நீலப்பச்சைக் கறை செம்பு கரைவதன் அடையாளம். பழைய பித்தளைக் குழாய்களிலும் பற்றவைத்த இணைப்புகளிலும் ஈயம் இருக்கக்கூடும், வெந்நீரில் அது இன்னும் விரைவாகக் கரையும். அமெரிக்காவின் பிளின்ட் நகரம் 2014இல் நீராதாரத்தை மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால், பழைய குழாய்களின் ஈயம் நீரில் இறங்கிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை. நம் தரத்தில் உச்ச வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் பாத்திரம் கழுவப் பிடித்துவிட்டு, பிறகு வரும் குளிர்நீரை மட்டும் குடிக்கவும் சமைக்கவும் எடுத்துக் காய்ச்சிக்கொள்ளுங்கள். ஈயத்தைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் பழைய குழாயை மாற்றுவதே வழி.

குளோரின் புற்றுநோய் தரும் என்கிறார்களே?
— வாசகர், குந்தா

இலைமக்கு கலந்த நீரில் குளோரின் சேரும்போது சில துணைப்பொருட்கள் உண்டாவது உண்மை. அவற்றால் நீண்ட காலத்தில் வரக்கூடிய தீங்கு சிறியது. கிருமி நீக்காத நீரால் இந்த வாரமே வரக்கூடிய தீங்கு பெரியது. அத்துணைப்பொருட்களுக்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தைக் குறைக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். குளோரின் சேர்க்கும் முன் நீரை நன்றாக வடிகட்டினால் இந்தச் சிறு தீங்கும் குறையும். அதை நாம் நகராட்சியிடம் கேட்க வேண்டும்.

தண்ணீரை எங்கே, எப்படிச் சோதிப்பது?
— பலர்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். உப்பு, இரும்பு, நைட்ரேட் ஆகியவற்றுக்குச் சுத்தமான பாட்டில் போதும். கிருமிச் சோதனைக்கு அப்படிப் பிடித்துப் போனால் முடிவு பயன்படாது. கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். அதற்குள் இருக்கும் சிறிதளவு மருந்து குளோரினை முறிப்பதற்காகப் போட்டது, கழுவிக் கொட்டிவிடாதீர்கள். குழாய் வாயைத் துடைத்து, நெருப்பில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடித்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். 100 மி.லி. நீரில் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். ஊராட்சிகளில் கிடைக்கும் சிறு குப்பிச் சோதனையில் நீர் கறுத்தால் அதே ஐயம்தான். சம்ப்பில் ஒரு மாதிரி, தெருக்குழாயில் ஒரு மாதிரி என்று தனித்தனியாக எடுங்கள். குற்றம் உங்கள் தொட்டியிலா, நகராட்சிக் குழாயிலா என்பது அப்போதுதான் தெரியும்.